கிளிப்பச்சை சாக்ஸ்

மார்கழி மாசத்தில், ஓசூரில், ஃபேன் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நான் எழுதுகிறேன், நீங்களும் படிக்கிறீர்கள், ரெண்டு பேருக்குமே இதில் ஒன்றும் தப்பாகத் தோன்றவில்லை பாருங்கள். நான் இந்த ஊருக்கு வந்த காலத்தில் ஒருத்தன் இப்படிச் சொல்லியிருந்தால், "பாவம், நல்லாத்தானே இருந்தான்" என்று பிடித்து உட்காரவைத்து உச்சந்தலையில் எலுமிச்சம்பழம் தேய்த்துவிட்டிருப்பார்கள்.

காலையில் ரத்னா, என் மனைவி, "ஃபேன இன்னும் ஒண்ணு ஏத்துங்க, புழுங்குது" என்றாள். ஏற்றிவிட்டு வந்து பேப்பரை விரித்துக்கொண்டேன். அவள் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு எதையோ தேடிக்கொண்டிருந்தாள். என்ன தேடுகிறாய் என்று கேட்கக்கூடாது. கேட்டால் நாமும் குனிய வேண்டியிருக்கும். ரிட்டையர் ஆனவனுக்கு இந்தப் புத்திகூட இல்லாவிட்டால் வீட்டில் காலம் தள்ள முடியாது.

பெட்டியிலிருந்து பாச்சா உருண்டை வாசம் வந்தது. அதற்கு அடியில் இன்னொரு வாசம், ஈரம் காயாத உல்லன் வாசம், அதோடு லேசாக விறகுப் புகை. எனக்குப் பேப்பரில் எழுத்து ஓடவில்லை. அந்த வாசம் என்ன என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நான் எதையும் நேராகச் சொல்லிப் பழக்கமில்லாதவன். கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் சிங்காரப்பேட்டைப் பக்கம். எங்கள் ஊரில் எது இல்லாவிட்டாலும் வெயில் இருக்கும். குளிர் என்பது தீபாவளி மழையில் நனைந்தால் வருவது, துவட்டினால் போய்விடுவது என்றுதான் நினைத்திருந்தேன். ஐ.டி.ஐ. முடித்து, ஓசூரில் வரிசையாகக் கம்பெனிகள் திறந்துகொண்டிருந்த எண்பதுகளில் லேத் வேலைக்கு வந்து சேர்ந்தேன். வந்த வருஷம் கார்த்திகை முடிந்து ஒரு காலையில் பல் கிட்டியது, கை நடுங்கியது, முதுகுத்தண்டில் ஏதோ ஊர்ந்தது. மலேரியாதான் என்று முடிவு பண்ணி டாக்டரிடம் போனேன். அவர் நாடி பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, "உனக்கு ஒண்ணும் இல்லப்பா, ஊருக்குத்தான் குளுருது, போ" என்று அனுப்பிவிட்டார்.

அந்தக் குளிரை இப்போது யாரிடம் சொல்லி நம்பவைப்பது? முதல் ஷிப்டுக்கு சைக்கிளில் போகும்போது எதிரில் வருகிறவன் தெரியமாட்டான், அவன் பெல் சத்தம்தான் தெரியும். தலையில் குரங்குக் குல்லா, சட்டைக்குள் நெஞ்சுக்கு ஒரு முழுப் பேப்பர். அப்படியும் ஹேண்டில்பாரைப் பிடித்த விரல் பிடித்தபடியே நின்றுவிடும். கம்பெனி வாசலில் டீக்கடை. டீ வாங்கி உடனே குடிக்க மாட்டோம், கிளாஸை ரெண்டு கையாலும் பொத்திக்கொண்டு நிற்போம். கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "டீயக் குடிக்கிறவன் குடி, கிளாஸக் கட்டிப் புடிக்கிறவன் காச வச்சுட்டுப் போ" என்று கத்துவார். உள்ளே போய் லேத்தில் கை வைத்தால் இரும்பு கடிக்கும். உண்மையாகவே கடிக்கும் ஐயா, பல்தான் இருக்காது.

நாங்கள் குடியிருந்தது ஷீட் வீடு. ஒரே வரிசையில் வீடுகள், எல்லாவற்றுக்கும் மேலே ஆஸ்பெஸ்டாஸ். விடிந்தால் ஷீட்டின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோர்த்துக்கொண்டு பொட்டுப் பொட்டாக எங்கள் மேலே சொட்டும். வெளியில் பனி, உள்ளே மழை. தரை சிமெண்டு. அதில் கால் வைக்கிறதுக்கு முன்னால் சாமியைக் கும்பிட்டுக்கொள்ள வேண்டும்.

நாங்கள் என்று சொன்னேனல்லவா, ரத்னாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் எங்கள் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன். தேன்கனிக்கோட்டை தாண்டிக் காட்டோரத்தில் ஊர். வீட்டில் கன்னடம். நான் தமிழ், சாதியும் வேறு. காதல் என்று வாயால் சொல்ல எனக்கு இந்த வயதிலும் கூச்சமாக இருக்கிறது. கேன்டீன் வரிசையில் அவள் எனக்கு முன்னால் நின்றாள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ரிஜிஸ்டர் கல்யாணம். என் வீட்டில் கொஞ்ச நாள் முறைத்துவிட்டு விட்டுவிட்டார்கள். அவள் வீட்டில் முறைக்க ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். அவள் அப்பா முனியப்பா.

அவளுக்கு விவரம் தெரிவதற்கு முன்பே அம்மா போய்விட்டாள். அப்பாதான் குளிப்பாட்டி, சோறூட்டி, பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னிவிட்டு வளர்த்தவர். ரெட்டைச் சடையில் ஒன்று மேலே, ஒன்று கீழே இருக்குமாம். கொஞ்சம் நிலம், அதில் கேழ்வரகு. கதிர் முற்றுகிற சமயம் பார்த்துக் காட்டிலிருந்து யானை இறங்கும். தை பிறந்து களத்திலிருந்து மூட்டை வீடு வந்து சேருகிற வரைக்கும் அந்த மனிதர் நிலத்தை விட்டு நகரமாட்டார். அப்படிப்பட்டவர் எங்கள் கல்யாணச் செய்தி கேட்டதும் நேராக ஊர் முனீஸ்வரன் கோயிலுக்குப் போய், நாலு பேர் பார்க்கக் கற்பூரம் ஏற்றி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார். "அவ வாழற வீட்டு வாசப்படியில என் காலு படாது" என்று சொல்லித்தான் அணைத்தார்.

கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வது என்றால் என்னவென்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் பேச்சே கிடையாது. போலீஸ், கோர்ட் எல்லாம் அதற்குக் கீழேதான். அணைத்தவன் சொல் தவறினால் அவனுக்கு ஒன்றும் ஆகாது, அவன் வம்சத்தில் பச்சைப் பிள்ளைக்குத்தான் ஆகும் என்பார்கள். சந்தைக்கு வந்த அவள் ஊர்க்காரர் ஒருவர் இதை எங்களிடம் சொன்னபோது நான் சிரித்தேன். "கையில கொப்புளம் வந்திருக்கும், வேற என்ன" என்றேன். ரத்னா சிரிக்கவில்லை. "உங்களுக்குத் தெரியாது. எங்கப்பா சொன்னா சொன்னதுதான்" என்றாள்.

அடுத்த வருஷம் அவள் உண்டானாள். ஊர்ப் பக்கம் போகிறவர்களிடமெல்லாம் சேதி சொல்லி அனுப்பினாள். பதில் இல்லை. எங்கள் தெருமுனையில்தான் தேன்கனிக்கோட்டை பஸ் திரும்பும், திரும்பும்போது ஒரு ஹாரன் அடிக்கும். அந்த ஹாரன் கேட்டால் அவள் எது செய்துகொண்டிருந்தாலும் கை நின்றுவிடும். யாரும் வரமாட்டார்கள். மறுபடி கை ஓடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பச்சை மொச்சையை ஊறவைத்துத் தோல் பிதுக்கிக்கொண்டிருந்தோம். இந்த ஊரில் பனிக்காலம் என்றால் பிதுக்குப் பருப்புக் குழம்புதான், மொச்சையில் பனி இறங்கினால்தான் மணம் என்பார்கள். அந்தக் குழம்பு கொதிக்கிற மணத்துக்கு நான் எதை வேண்டுமானாலும்… சரி, விஷயத்துக்கு வருகிறேன். பிதுக்கிக்கொண்டே இருந்தவள் தலை நிமிராமல், "எனக்கு எங்கப்பா வரணும்" என்றாள். நான் இன்னும் ரெண்டு மொச்சையைப் பிதுக்கினேன்.

தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய் வீடு போவதுதான் முறை. இவளுக்குப் போக வீடில்லை. எதிர் வீட்டில் கதீஜா அக்கா என்று ஒருவர் இருந்தார், அவர்தான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து, "தாய் வீடு இல்லாட்டி என்ன, எதிர் வீடு இருக்குதில்ல" என்றார். கணவர் பழைய இரும்பு வியாபாரம். அக்காவுக்கு வாய் பெரிது, மனசு அதைவிடப் பெரிது. வந்ததும் ரத்னாவின் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்மேல் பாய்ந்தார். "இன்னாய்யா இது, கெணத்துக் கல்லு மாதிரி சில்லுன்னு கெடக்குது? புள்ள பெத்தவளுக்குக் காலு வழியாத்தான் குளுரு ஏறும். ஏறுச்சுன்னா ஜன்னி கண்டுடும். அது தப்புனாலும் ஆயுசு பூராவும் கொடச்சல். போ, உல்லன் சாக்ஸு வாங்கியா."

போனேன். பஜார் முழுக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான வெள்ளை நைலான் சாக்ஸ்தான் இருந்தது. உல்லன் என்று கேட்டதற்கு ஒரு கடைக்காரர், "அதெல்லாம் பெங்களூரு போங்க" என்றார். பெங்களூர் போய்வர லீவு வேண்டும். லீவை எல்லாம் பிரசவத்துக்கு என்று சேர்த்து வைத்திருந்தேன். நான் கையைப் பிசைந்துகொண்டிருப்பதைப் பார்த்த என் பக்கத்து லேத்து ஜோசப், "எதுக்கு வாங்கணும்? பின்னிடு" என்றான்.

ஜோசப் குன்னூர்க்காரன், என் வயதுதான். அவர்கள் ஊரில் ஆண் பெண் வித்தியாசம் இல்லாமல் கையில் ஊசி இருக்குமாம். எனக்கோ சட்டைப் பித்தான் தைக்கிற ஊசி மட்டும்தான் தெரியும். "நாலு ஊசி வேணும், நூல் வேணும், பொறுமை வேணும். மொத ரெண்டும் கிடைக்கும்" என்றான். ஊசிக்கு சைக்கிள் ஸ்போக்ஸ். அதில் மட்டும் நான் சோடைபோகவில்லை. ரெண்டு முனையையும் அரத்தால் ராவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, முகம் தெரிகிற மாதிரி பாலிஷ் பண்ணிவிட்டேன். நூல்தான் தகராறு. ஸ்வெட்டர் நூல் விற்கிற ஒரே கடையில் நல்ல நிறமெல்லாம் தீர்ந்து, யாரும் சீந்தாத கிளிப்பச்சை மட்டும் மூலையில் கிடந்தது. கண்ணைப் பறிக்கிற கிளிப்பச்சை. வாங்கிக்கொண்டு வந்தேன்.

அளவெடுக்க வேண்டுமே. நான் யார், லேத்து ஆள். ஒரு நூல் வித்தியாசம் வந்தால் வேலையைத் தூக்கி ஸ்கிராப்பில் போடுகிற வம்சம். ரத்னாவை முக்காலியில் உட்காரவைத்து, நூலைச் சுற்றிச் சுற்றிக் கணுக்கால், குதிகால், பாதம், பெருவிரல் என்று ஒன்று விடாமல் எடுத்து, தாளில் மூன்று பக்கத் தோற்றமும் வரைந்தேன். "என் காலு வாசல்ல போட்ட கோலமாட்டம் ஆயிடுச்சு" என்று அவள் சிரித்தாள். ஜோசப் அந்த வரைபடத்தை வாங்கி நேராகவும் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தான். "டேய், இது ஷாஃப்ட் இல்லடா, சாக்ஸ். இழுத்தா வரும்" என்றான் கடைசியில். நான் கேட்கவில்லை. அளவு என்றால் அளவு.

அப்புறம் தினமும் கேன்டீனில் சாப்பாடு முடிந்த கையோடு நானும் அவனும் ஒரு மூலையில் உட்கார்ந்துவிடுவோம். மூன்று ஊசியில் கண்ணிகளை முக்கோணமாக ஏற்றி நாலாவது ஊசியால் சுற்றிச் சுற்றிப் பின்ன வேண்டும். கண்ணி ஒன்று நழுவினால் போச்சு, அது பாட்டுக்குக் கீழே வரைக்கும் இறங்கிக்கொண்டே போகும். குதிகாலில் திருப்ப வேண்டும் பாருங்கள், அங்கேதான் என் உயிர் போனது. பின்னுவேன், பிரிப்பேன், மறுபடி பின்னுவேன். விரலெல்லாம் ஆயில் கறை. அதனால் கிளிப்பச்சை கொஞ்சம் அடங்கி நல்லதாகத்தான் போயிற்று. கம்பெனியே வந்து வேடிக்கை பார்த்தது. "என்னப்பா, பிரசவமும் நீயே பாத்துக்கிறதா உத்தேசமா?" என்றான் ஒருத்தன். "அடுத்தது எனக்கு ஒரு மப்ளர்" என்றான் இன்னொருத்தன். எனக்கு ரோஷம் வராமலில்லை. ஆனால் ஊசி நகர நகர ஒரு நினைப்பு வரும். இவள் அப்பா வந்திருந்தால் இவள் காலுக்கு என்ன செய்திருப்பாரோ அதை நான் செய்கிறேன் என்று. அந்த நினைப்பில் யார் என்ன சொன்னாலும் காதில் விழாது.

பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். அரசாங்க ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று ஊரே பனிக்குள் முழுகிக் கிடந்தது. ரத்னாவைக் கட்டிலில் படுக்கவைத்து, காதில் பஞ்சு, தலையில் துண்டு எல்லாம் கட்டியாயிற்று. நான் பெரிய வித்தைக்காரன் மாதிரி மெல்ல எழுந்து போய் சாக்ஸைக் கொண்டுவந்து அவள் காலில் மாட்டினேன். அவள் காலை மடக்கினாள். சாக்ஸ் நீட்டிய இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது, கால் மட்டும் வந்துவிட்டது. மறுபடி மாட்டினேன். மறுபடி கழன்றது. உள்ளே இன்னொரு கால் போகும், அத்தனை இடம்.

கதீஜா அக்கா என்னையும் சாக்ஸையும் மாறி மாறிப் பார்த்தார். "எப்ப அளவெடுத்த?"

"போன மாசங்க்கா."

"அட என் ராசா. மாசமா இருக்கிறவளுக்குக் காலு வீங்கியிருக்கும்னு கூடவா தெரியாது? வீங்குன காலுக்கு அளவெடுத்து, வத்துன காலுக்கு மாட்டுறியே!"

சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. ரத்னா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலிக்குது வலிக்குது என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். சிரித்து முடிகிற நேரம் பார்த்துத் தெருமுனையில் அந்த ஹாரன் அடித்தது. அவள் முகம் அப்படியே மாறி, பொலபொலவென்று அழ ஆரம்பித்தாள். பிள்ளை பிறந்த சேதியும் ஊருக்குப் போயிருந்தது. அதற்கும் அவர் வரவில்லை. நான் ரெண்டு சாக்ஸையும் கணுக்காலில் நாடாவால் கட்டிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அதுவும் நழுவிவிட்டது. அப்போது என்மேலேயே எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, சொல்லி மாளாது.

ரெண்டு நாள் கழித்து, எனக்கு செகண்ட் ஷிப்ட், காலையில் வீட்டில் இருந்தேன். ஹாரன் அடித்தது, பஸ் போயிற்று. கொஞ்ச நேரத்தில் வாசலில் யாரோ செருமினார்கள். கதவைத் திறந்தால் பனிக்குள் ஒரு கருப்புக் கம்பளி நிற்கிறது. கம்பளிக்குள்ளிருந்து விறகுப் புகை வாசம். தோளில் ஒரு சிறு மூட்டை, கையில் கால் கட்டிய நாட்டுக்கோழி. நான் அவரை அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஆனால் பார்த்ததும் தெரிந்துவிட்டது, ரத்னாவின் அதே மூக்கு.

"உள்ள வாங்க மாமா" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. எங்கள் வாசற்படியைப் பார்த்தார். சாக்கடைக்கு மேலே போட்ட கல்லில் நின்றிருந்தார். அதற்கும் படிக்கும் ஒரு முழம்தான் இருக்கும். வெறுங்கால். ஆயுசில் செருப்புப் போடாத கால். ஈரமும் சேறுமாக விறைத்துப்போய் இருந்தது.

"புள்ளயக் காட்டுங்க. பாத்துட்டுப் போயிடறேன்" என்றார்.

சத்தம் கேட்டுக் கதீஜா அக்கா எதிர் வீட்டிலிருந்து வந்துவிட்டார். "இந்தப் பனியில பச்சப் புள்ளய வெளிய கொண்டாரதா? இன்னா பேசறீங்க பெரியவரே?"

"அப்ப ரத்னாவ வரச் சொல்லுங்க."

"அவ கட்டில விட்டே எறங்கக்கூடாது."

"நானும் உள்ள வரக்கூடாது."

"புள்ளயும் வராது, பெத்தவளும் வராது, நீங்களும் வரமாட்டீங்க. பின்ன எதுக்கு இம்மாந்தூரம், கோழிக்கு ஊரச் சுத்திக் காட்டவா?"

பெரியவர் கோழியை மறுகைக்கு மாற்றிக்கொண்டார். மெதுவாக, "கற்பூரம் அணைச்சிட்டேனம்மா. மீறுனா எனக்கு ஒண்ணும் ஆவாது. அந்தப் புள்ளைக்குத்தான் ஆவும்" என்றார். சொல்லும்போது குரல் உடைந்தது. அத்தனை நாளும் நான் அவருக்குக் கோபம் என்றுதான் நினைத்திருந்தேன். அங்கே நின்றது கோபம் இல்லை, பயம். தான் அணைத்த கற்பூரத்துக்குத் தானே பயந்து, களத்தில் போட்ட கதிரை யானை தின்றாலும் தின்னட்டும் என்று விட்டுவிட்டு வந்து, ஒரு முழத்துக்கு இந்தப் பக்கம் வர முடியாமல் நிற்கிறார். மூட்டையைக் கல்லின்மேல் வைத்தார். கோழியை அதன் பக்கத்தில் வைத்தார். கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு திரும்பினார்.

உள்ளேயிருந்து ரத்னா கத்தினாள். "அப்பா! நில்லுப்பா!"

நின்றார்.

"அன்னைக்குக் கோயில்ல என்னான்னு சொன்ன? உன் காலு படாதுன்னுதான?"

"ஆமா."

"காலுதான படக்கூடாது?"

"ஆமா மகளே."

பச்சையாக ஏதோ ரெண்டு கதவு வழியாகப் பறந்து வந்தன. கட்டிலில் இருந்தபடியே காலை ஒரு உதறு உதறி எடுத்து எறிந்திருக்கிறாள். ஒன்று கோழிமேல் விழுந்தது. கோழி கூப்பாடு போட்டது. இன்னொன்று சரியாக வாசற்படியில் விழுந்தது.

"அத மாட்டிக்கிட்டு வா. உன் காலா படப்போவுது? உல்லன்தான படும்!"

பெரியவர் குனிந்து சாக்ஸை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, நான் ஒருத்தன் அங்கே நிற்கிறேன், என்னிடம் கேட்கவில்லை, கதீஜா அக்காவிடம் கேட்டார். "இது செல்லுமாம்மா?"

முனீஸ்வரனுக்கு முன்னால் அணைத்த கற்பூரத்துக்குக் கதீஜா அக்கா தீர்ப்புச் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "செல்லும் பெரியவரே. நல்லாச் செல்லும். நான் சொல்றேன், போங்க" என்றார்.

அவர் கல்லின்மேல் உட்கார்ந்தார். துண்டால் காலைத் துடைத்தார். எந்தப் பக்கம் குதிகால் என்று தெரியாமல் அவர் திண்டாடியதைப் பார்த்து நான் மண்டிபோட்டு வாங்கி மாட்டிவிட்டேன். பாதம் முழுக்க வெடிப்பு, முள் ஏறி ஆறிய தழும்புகள். உழுத கால், விரல்கள் விரிந்து அகலமாக இருந்தன. சாக்ஸ் போய் கச்சிதமாக உட்கார்ந்தது. கணுக்காலில், குதிகாலில், விரலில், எங்கேயும் ஒரு சுருக்கம் இல்லை. நான் மட்டும் ஒழுங்காக அளவெடுத்திருந்தால் அது அவர் பெருவிரலைத் தாண்டியிருக்காது. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

அவர் எழுந்து, தண்ணீரைத் தாண்டுகிறவர் போலக் காலை உயரத் தூக்கி, வாசற்படியில் வைத்தார். ஒரு நொடி நின்றார். வானத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். ஒன்றும் நடக்கவில்லை. உள்ளே போய்விட்டார். "சென்னாகித்தீயா?" என்று அவர் கேட்டது வெளியே கேட்டது. நல்லா இருக்கியா என்று அர்த்தம். பதிலுக்கு அழுகைதான் வந்தது. நானும் உள்ளே போய் நின்று பார்க்க ஆசைப்பட்டேன். ஆனால் கட்டு அவிழ்ந்துபோன கோழி அதற்குள் தெருமுனை வரைக்கும் போய்விட்டது. மாமனார் மடியில் என் பெண் முதன்முதலாகக் கிடந்த நேரத்தில் நான் கோழிக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தேன். என் ஜாதகம் அப்படி.

சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பினார். எனக்கு ஷிப்ட் தாண்டிவிட்டது, ஜோசப் பார்த்துக்கொள்வான் என்று விட்டுவிட்டேன். ரத்னாவுக்குள் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும். ஒரு தடவை வந்துவிட்டார், பேத்தியைப் பார்த்துவிட்டார், இனி வருவாரா? கேட்கவும் பயம். பெரியவர் படியைத் தாண்டி வெளியே கல்லில் உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றினார். உதறினார். மடித்துப் பையில் வைக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்து, நான் சைக்கிள் பூட்டு மாட்டுகிற ஆணி வாசலுக்கு வெளியே இருந்தது, அதில் ரெண்டையும் தொங்கவிட்டார்.

"இங்கியே இருக்கட்டும். வரப்போவ வேணுமில்ல" என்றார் உள்ளே பார்த்து.

அப்புறம் முதன்முதலாக என் முகத்தைப் பார்த்தார். "அளியந்த்ரே, காலு சூடா இருந்துச்சு" என்றார். அளியந்த்ரே என்றால் மாப்பிள்ளை. பனிக்குள் போய்விட்டார்.

அதற்கப்புறம் அவர் வராத மாசம் கிடையாது. வருவார், கல்லில் உட்காருவார், ஆணியிலிருந்து எடுத்து மாட்டுவார், உள்ளே வருவார். சித்திரை வெயிலிலும் அதேதான். மேலே சட்டை இல்லாமல், காலில் மட்டும் கிளிப்பச்சை உல்லனோடு உட்கார்ந்து வியர்க்க வியர்க்க மோர் குடிப்பார். "கோவமெல்லாம்தான் தீந்துபோச்சே, கழட்டிப் போடுப்பா" என்று ரத்னா சொன்னால், "கோவம் தீந்துச்சு, கற்பூரம் தீரல" என்பார். வீட்டில் அதை யாரும் மிதிக்கக்கூடாது, கால் போட்டுப் பார்க்கக்கூடாது. பேத்தி வளர்ந்ததும் தாத்தா வந்தால் சாக்ஸை எடுத்துக் கொடுப்பது அவள் வேலையாயிற்று. பெருவிரலில் ஒரு தடவை ஓட்டை விழுந்தது. நான் பிரித்துப் பின்னினேன், அந்தக் கிளிப்பச்சை அதற்குப்பின் எங்கேயும் கிடைக்கவில்லை, அந்த ஒரு விரல் மட்டும் மெரூன். ஷீட் வீட்டை விட்டு இந்த வீடு கட்டி வந்தபோது பால் காய்ச்சுவதற்கு முன்னால் ரத்னா வாசலுக்கு வெளியே ஓர் ஆணி அடிக்கச் சொன்னாள். கடைசி வரைக்கும் அந்த மனிதரின் வெறுங்கால் எங்கள் வாசற்படியில் படவே இல்லை. சொன்னா சொன்னதுதான்.

அவர் தன் ஊரிலேயே போய்ச் சேர்ந்தார், தூக்கத்தில். காரியமெல்லாம் முடிந்து வந்த அன்று ரத்னா உடனே வீட்டுக்குள் நுழையவில்லை. வாசலில் நின்று ஆணியிலிருந்து சாக்ஸை எடுத்தாள். துவைக்கவில்லை. அப்படியே பெட்டியில் வைத்தாள்.

இப்போது ஜோசப் குன்னூரில் இருக்கிறான், பொங்கலுக்கு ஒரு ஃபோன் வரும். கதீஜா அக்கா இல்லை. எங்கள் கம்பெனி இருந்த இடத்தில் வேறு ஏதோ கம்பெனி, கேட்டில் இருக்கிற பையனுக்கு எங்கள் கம்பெனி பேரே தெரியவில்லை. ஷீட் வீடுகளைத் தள்ளிவிட்டு அபார்ட்மெண்ட் வந்தாயிற்று, டீக்கடைமேல் பாலம் போகிறது. முனியப்பாவின் கேழ்வரகு நிலத்தில் பிளாஸ்டிக் கூரை போட்டு ரோஜா வளர்க்கிறார்கள். யானை வந்து பார்த்துவிட்டு என்ன நினைத்துக்கொண்டு போகிறதோ. தேன்கனிக்கோட்டை பஸ் இந்தப் பக்கம் திரும்புவதில்லை. எல்லாம் போனால் போகட்டும் ஐயா, அந்தக் குளிர் எங்கே போயிற்று? அதை யார் எடுத்துக்கொண்டு போனார்கள்? மார்கழியில் புழுங்குகிறது என்கிறாள் என் மனைவி.

பேப்பருக்கு மேலாகப் பார்த்தேன். ரத்னா தேடினது கிடைத்துவிட்டது போல. கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கிளிப்பச்சை. கொஞ்ச நாளாகவே அவளுக்குக் காலில் வீக்கம். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார், செருப்பெல்லாம் பெரிய சைஸாக மாற்றியாயிற்று. ஒரு காலை மெதுவாகத் தூக்கி சாக்ஸை மாட்டினாள். அப்புறம் அடுத்த காலை. கணுக்கால், குதிகால், அந்த மெரூன் விரல். எங்கேயும் ஒரு சுருக்கம் இல்லை.

என்னைப் பார்த்தாள். "இப்பத்தாங்க உங்க அளவு சரியா வந்திருக்கு" என்றாள்.

நான் பேப்பரை மடித்து வைத்தேன். அவள் ரெண்டு காலையும் கட்டில்மேல் தூக்கி வைத்து, புடவையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"ஃபேன நிறுத்துங்க" என்றாள். "குளுருது."

எழுந்து போய் நிறுத்தினேன்.